தறிக்குழியில் இறங்கிய டாக்டர்

அவர் எண்ணிலிருந்து போன் வந்தால் நான் ஹலோ சொல்வதில்லை. "எங்கே வெடிச்சிருக்கு டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டுதான் எடுப்பேன். டாக்டர் செங்கமலம் நலம் விசாரிக்க யாரையும் கூப்பிட்டவர் இல்லை. எங்கேயாவது ஒரு தெருவில் நாலு பேருக்கு வயிறு கலங்கினால்தான் கூப்பிடுவார். கூப்பிட்டால் மூச்சு விடாமல் பேசுவார். அன்று காலையும் அவர் எண்தான் வந்தது. நானும் வழக்கம்போலக் கேட்டேன். மறுமுனையில் அவர் மகன், "அங்கிள், அம்மா போயிட்டாங்க. நேத்து காலைல எழுப்பினேன், எழுந்திரிக்கவே இல்ல. ஊர்ல இருந்து எல்லாரும் வரணும்னு இன்னிக்கிதான் எடுக்கறோம்" என்றான். கையிலிருந்த ஸ்லைடை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்று வரை தெரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மாவட்டத்தில் தண்ணீரால் எந்த நோய் வந்தாலும் முதலில் ஜீப்பில் ஏறுபவர் அவர். ஜீப் நிற்பதற்கு முன்பே அவர் குரல் வீட்டுக்குள் வந்துவிடும். தென்னேரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரிக்கரையில் நின்று எதிர்க்கரை ஆளோடு பேசிப் பழகிய தொண்டை என்று அவரே சொல்லிக்கொள்வார். நான் அதற்கு நேர் எதிர். சின்ன காஞ்சிபுரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் செய்த வீட்டில் பிறந்து, நுண்ணுயிரியல் படித்து, நாளெல்லாம் ஊரார் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தவன். என் அம்மா உறவினர்களிடம் "அவன் லேப்ல இருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். செங்கமலத்துக்கு இது தீராத வேடிக்கை. என்னைச் "சாமி" என்றுதான் கூப்பிடுவார். "உங்க வீட்டு ஆளுங்க பெருமாளப் பாக்கறாங்க, நீ பேதியப் பாக்கற. ரெண்டுக்கும் பொறுமை வேணும்பா" என்பார். பொறுமை என்ற சொல்லை அவர் உச்சரித்ததோடு சரி. அந்தக் குணம் அவரிடம் இருந்ததில்லை.

மல மாதிரி கேட்டால் மனிதர்கள் நெளிவார்கள் அல்லவா? செங்கமலம் முன்னால் யாரும் நெளிந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஒரு பள்ளி ஆசிரியர் டப்பாவைக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் ஜவுளிக்கடைப் பை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். செங்கமலம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பட்டுப்புடவைய விட இதுதான் சார் எனக்கு ஒசத்தி. நாளைக்கும் ஒண்ணு கொண்டாங்க, அதுக்கு அப்பால இன்னொண்ணு" என்றார். ஆசிரியர் சிரித்துவிட்டார். ஒரு நாள் மாதிரியை மட்டும் பார்த்து நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாத கிருமி ஒன்று உண்டு. ஒரு நாள் வெளியே வரும், மறுநாள் வராது. "இது ஒளிஞ்சி விளையாட்ற புள்ளபா. இன்னிக்கி மாட்லன்னா நாளைக்கி மாட்டும்" என்று அவர் அதைப் பற்றிப் பாசமாகவே பேசுவார்.

அந்தக் கிருமியின் பெயர் ஜியார்டியா. தண்ணீரில் பரவும் குடல் ஒட்டுண்ணி. வெளியே இருக்கும்போது கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். வயிற்றுக்குள் போனதும் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் உள்ளே போனாலே போதும். வயிறு பொருமும், எண்ணெய்ப் பிசுக்காகப் போகும், ஏப்பம் விட்டால் அழுகிய முட்டை வாசனை அடிக்கும், ஆள் இளைத்துப்போவார். உயிரை எடுப்பது அரிது. ஆனால் உழைத்துச் சாப்பிடுகிறவரை உட்கார வைத்துவிடும். நான் சொல்லப்போகிற தெருவில் அதுதான் நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் செங்கமலத்திடமிருந்து போன். "சாமி, நெசவுத் தெரு ஒண்ணு. பாதி வீட்ல தறி நிக்குது. காலராவும் இல்ல, டைபாய்டும் இல்ல. வந்து வந்து போவுதாம். டப்பா எடுத்துக்கினு ஓடியா!" ஓடினேன். பட்டுத்தறிச் சத்தம் இல்லாத நெசவுத் தெருவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏகாம்பரம் என்ற நெசவாளர் வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகூர்த்தப் புடவை ஒன்று தறியில் பாதியில் நின்றது. "தறில பத்து தபா நாடா ஓட்டினா ஒரு தபா ஓட வேண்டியிருக்குது மேடம். எங்க போயி நெய்யிறது?" என்றார். செங்கமலம் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஏப்பம் எப்படி இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல டாக்டரின் கண் விரிந்துகொண்டே போனது. எழுந்து வந்து என் காதில், "நம்ம புள்ளதான்" என்றார்.

அவர் புள்ளதான். முதல் நாள் ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த மாதிரியில் ஏகாம்பரத்தினுடையதில் கண்டேன். பேரிக்காய் வடிவம், உள்ளே இரண்டு கண் போல இரண்டு உட்கரு. மைக்ராஸ்கோப்பில் நாம் அதைப் பார்ப்போம், அது நம்மைப் பார்ப்பது போல இருக்கும். செங்கமலம் ஏகாம்பரத்தையே லேப்புக்கு அழைத்து வந்துவிட்டார். "உங்க வயித்துல குடியிருக்கறவரு. பாத்துட்டுப் போங்க." ஏகாம்பரம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். "இன்னா மேடம், மூஞ்சி மாதிரி இருக்குது! மொறைக்குது பாரு!" என்று சிரித்தார். அத்தனை நாள் களைப்பில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி பிறகு சொன்னார். நோயாளிக்கு நோயைக் காட்டுவது செங்கமலத்தின் வழக்கம். அது வைத்தியத்தில் பாதி என்பது அவர் கட்சி.

கிருமி தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது? அங்கேதான் அவர் அவசரப்பட்டார். தெருமுனையில் கன்னியம்மா என்ற பெண் தள்ளுவண்டியில் மோர் விற்றுக்கொண்டிருந்தார். வெயில் ஏறியதும் தறியை விட்டு எழுந்து வருகிற நெசவாளர்கள் எல்லோரும் அவரிடம்தான் குடிப்பார்கள். நோய் கண்ட ஒவ்வொரு வீட்டிலும் விசாரித்தோம். என்ன சாப்பிட்டீர்கள், எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள். எல்லோரும் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள். எல்லோரும் கன்னியம்மாவிடம் மோரும் குடித்தார்கள். "புடிச்சிட்டேன்!" என்று செங்கமலம் தொடையில் தட்டினார். "பொறுங்கோ டாக்டர்" என்றேன். காதில் விழவில்லை. அவர் சொன்ன வார்த்தையின் பேரில் அன்று சாயங்காலமே நகராட்சி ஆட்கள் வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். கன்னியம்மா கழுவிக்கொண்டிருந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வண்டி போவதைப் பார்த்தார்.

இந்த நோய் உள்ளே போய் வெளியே தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆகவே காத்திருந்தோம். மோர் நின்ற பிறகு நோயும் நிற்க வேண்டும். நிற்கவில்லை. வாரங்கள் போன பிறகும் அதே தெருவில் புதுசு புதுசாகப் படுத்தார்கள். செங்கமலம் லேப்புக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் அங்குமிங்கும் நடந்தார். "சாமி, நாம நோய் வந்தவங்களத்தான கேட்டோம்? வராதவங்கள யாரு கேட்டது?" என்று நின்றார். அன்றே திரும்பப் போனோம். எதிர்வரிசைத் தையல்காரர் தினம் மோர் குடித்தவர், கல்லாக இருந்தார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு பஸ் ஏறிப் போகும் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வண்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள்; ஒருவனுக்கும் ஒன்றும் இல்லை. அதே வீட்டில் தறியில் உட்காரும் அப்பாவுக்கு உண்டு, அம்மாவுக்கு உண்டு. இன்னொரு விசித்திரம், பொதுவாக இந்தக் கிருமி குழந்தைகளைத்தான் முதலில் தேடிப் போகும். இங்கே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்க, பெரியவர்கள் படுத்திருந்தார்கள்.

தெருவின் நடுவில் நின்று செங்கமலம் கத்தினார்: "நான் தப்பு! சாமி, நான் தப்பு!" பரிசு விழுந்தவர் போலக் கத்தினார். ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு அந்தச் சங்கடமே கிடையாது. தான் கட்டிய கணக்கு இடிந்து விழும்போது அவர் முகத்தில் வரும் ஒளியை நான் வேறு யார் முகத்திலும் கண்டதில்லை. "மோரு இல்லன்னா வேற ஒண்ணு இருக்குதில்ல? தறில உக்கார்றவங்களுக்கு மட்டும் போற தண்ணி எது?" என்று கேட்டுக்கொண்டே வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

ஏகாம்பரம் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு. வரிசையாக ஏழெட்டு வீட்டுக்குப் பொது. "இந்தத் தண்ணி குடிப்பீங்களா?" என்று முன்பே கேட்டிருந்தோம். "சே, இத்த யாரு குடிப்பா? தறிக்கு மட்டும்தான்" என்ற பதில் எல்லா வீட்டிலும் வந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை அடிக்கிறது, பட்டின் பொலிவும் ஜரிகையின் மினுக்கும் போய்விடும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. ஆகவே வயிற்றுக்குக் குழாய்த் தண்ணீர், பட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர். அவர்களைப் பொறுத்தவரை இரண்டும் இரண்டு உலகம். நாங்களும் 'குடிப்பதில்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தோம்.

இந்த முறை செங்கமலம் கேள்வியே கேட்கவில்லை. "சொல்லாதீங்க ஏகாம்பரம். செஞ்சி காமிங்க. காலைல எழுந்து தறில உக்கார்ற மாதிரி உக்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்தார். கொஞ்சம் பார்த்துவிட்டு, "நகருங்க, நான் உக்கார்றேன்" என்றார் டாக்டர். பருத்த உடம்பு. குழித்தறியில், தரையில் தோண்டிய குழிக்குள் கால் இறக்க ஏகாம்பரத்தின் மனைவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அந்த அம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். புடவை சிக்கி, கால்மிதி சறுக்கி, ஒரு வழியாக உட்கார்ந்து, "இன்னா செய்யணும்?" என்றார் செங்கமலம்.

நாடா என்பது குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் சிறு மரக்கட்டை. தார் எனப்படும், நூல் சுற்றிய சிறு குழலை அதற்குள் பொருத்த வேண்டும். நூல் ஈரமாக இருந்தால்தான் நெசவு நெருங்கி உட்காரும். அதனால் தார்கள் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில், கிணற்றுத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். ஏகாம்பரம் ஈரம் சொட்டும் தார் ஒன்றை எடுத்து நாடாவில் வைத்து டாக்டரிடம் கொடுத்தார். பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. நூல் நுனி அது வழியே வெளியே வர வேண்டும். செங்கமலம் விரலால் முயன்றார், வரவில்லை. ஊக்கால் முயன்றார், வரவில்லை. "அப்டி இல்ல மேடம். வாய வச்சி ஒரு இழு இழுங்க, வந்துடும்" என்றார் ஏகாம்பரம். டாக்டர் நாடாவை உதட்டில் வைத்து உறிஞ்சினார்.

நூல் வந்தது. கூடவே தண்ணீரும் வந்தது. அவர் அப்படியே உறைந்துபோனார். கன்னம் குழிந்தபடி, வாயில் பட்டு நூல் தொங்க, கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு நூலைத் துப்பிவிட்டு, குழிக்குள் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி, "தோ! தோ இருக்குது! சாமி, குடிக்கறது வேற, வாய்க்குள்ள போறது வேற!" என்று கூவினார். ஏகாம்பரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தார் மாற்றுகிறோமோ அத்தனை தரம் அந்த நாடாவுக்கு வாய் வைக்கிறோம் என்பது அவர் கணக்கில் குடிப்பதாகவே இல்லை. எப்படி இருக்கும்? மூச்சு விடுவதை யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா? புரிந்த பிறகு அவர் நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கப்பா காலத்துல இருந்து இப்டித்தான் மேடம் இழுக்கறோம். அப்போ ஒண்ணும் வரலியே" என்றார்.

அதற்கும் விடை கிடைத்தது. அந்தக் கொல்லையில் புதிதாகக் கழிவறைத் தொட்டி ஒன்று கட்டியிருந்தார்கள். கிணற்றுக்கு மிக அருகில், அடியில் விரிசலோடு. நான் கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக வடிகட்டி, சுழலவிட்டு, அடியில் தங்கியதைப் பார்த்தேன். ஓட்டுக்குள் சுருண்டு கிடந்த ஜியார்டியாவைக் கண்டதும் நானே எழுந்து நின்று கத்தினேன். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். செங்கமலம் மட்டும் இதோடு விடவில்லை. "அதே கெணத்துத் தண்ணில நெய்ஞ்சும் நோய் வராதவங்க இருக்காங்களா பாரு" என்றார். இருந்தார்கள். வயதான நெசவாளர்கள் சிலர். அத்தனை பேருக்கும் கட்டுப்பல். வாயை வைத்து இழுத்தால் பல் செட்டும் நாடாவோடு வந்துவிடும் என்று பயந்து, வளைந்த கம்பி ஒன்றை விட்டு நூலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டு செங்கமலம் சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடியது. "பொக்க வாயி காப்பாத்திச்சிபா!" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

கொஞ்ச நாள் கழித்து அவரே லேப்புக்கு வந்தார். முகம் வாடியிருந்தது, கண் மட்டும் பளபளவென்றிருந்தது. கைப்பையிலிருந்து டப்பா ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்து, "சாமி, பரிசு" என்றார். பார்த்தேன். பேரிக்காய், இரண்டு கண். "பாசிட்டிவ்!" என்றதும் கையைத் தட்டினார். அன்று நாடாவில் உறிஞ்சிய ஒரே ஒரு மிடறு. "ஒருத்தர வச்சி நிரூபணம் ஆகாது டாக்டர். நீங்க போற எடத்துல எல்லாம் கண்டதையும் குடிக்கறவர்" என்றேன். "கோர்ட்டுல நிக்காதுதான். ஆனா எனக்கு நிக்குது. தோ, நிக்க முடியாம ஓடறேனே!" என்று சொல்லிக்கொண்டே உண்மையிலேயே ஓடினார். தன் நோயைப் பற்றி இவ்வளவு பெருமைப்பட்ட நோயாளியை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்.

தீர்வு எளிதாகவே இருந்தது. தொட்டியைச் சரி செய்ய வைத்தார். எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தோம். கம்பியால் இழுங்கள் என்றால் வேலை மெதுவாகிறது என்று நெசவாளர்கள் முனகினார்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்பதிலும் பிடிவாதமாக இருந்தார்கள். செங்கமலம் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. "உங்க கெணத்துத் தண்ணியே ஊத்துங்க. கொதிக்க வச்சி ஆற வச்சி ஊத்துங்க. பட்டுக்கு ஒண்ணும் ஆவாது, என் பேர்ல நெய்ஞ்சி பாருங்க" என்றார். ஏகாம்பரம் ஒரு துண்டு நெய்து பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தலையசைத்தார். தெரு முழுக்கத் தறிச் சத்தம் திரும்பியது.

இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் வெற்றிக் கதை. அவரைப் பற்றி மாநாடுகளில் சொல்வது இதுவரைதான். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும்.

கிணற்றில் கிருமி கிடைத்த அன்றே செங்கமலம் கன்னியம்மாவிடம் போனார். வண்டி திரும்பி வந்திருந்தது. ஆள்தான் யாரும் அண்டவில்லை. ஜீப்பிலிருந்து குதித்து, தெருவுக்கே கேட்கும்படி, "எல்லாரும் கேளுங்க! நான் சொன்னது தப்பு! கன்னியம்மா மோர்ல ஒண்ணும் இல்ல!" என்றார். கூட்டம் சேர்ந்தது. நாடா, நூல், கிணறு என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். முகமெல்லாம் சிரிப்பு. கன்னியம்மா பானையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். டாக்டர் மூச்சு வாங்க நிறுத்தியதும் நிமிர்ந்தார்.

"சிரிக்கிறியே டாக்டரம்மா. தப்புன்னு தெரிஞ்சிது, உனுக்கு சந்தோசமா இருக்குது. எனுக்கு கோட யாவாரமே போயிடுச்சி. என் பொண்ண காலேஜ்ல பேதி மோருன்னு கூப்புட்றானுங்க. அத்த எப்டி வாபஸ் வாங்குவ?"

செங்கமலத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்று போயிற்று. ஜீப்பில் ஏறினார். அவரோடு அத்தனை பயணம் செய்ததில் நான் இஞ்சின் சத்தத்தைக் கேட்டது அன்றுதான். கடைசியில், "தப்பு பண்ணிட்டு சந்தோசப்படலாம் சாமி. அந்தத் தப்புக்கு அழுதது நானா இருந்தா. வேற யாரோ இல்ல அழுதாங்க?" என்றார். அதற்குப் பிறகு எந்த விசாரணையிலும், நோய் வராதவர்களைக் கேட்டு முடிக்கும் வரை ஒரு கடையின் பெயரைக்கூட அவர் வாயால் சொன்னதில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் அவர் ஜீப் அந்தத் தெருவின் மறுகோடியில் நின்றது. தெருவே பார்க்கும்படி இறங்கி வண்டி வரை நடந்து போய், "ஒரு மோரு" என்றார். கன்னியம்மா ஊற்றிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. செங்கமலம் நின்று நிதானமாகக் குடித்தார். ஜியார்டியா வந்து குணமானவர்களுக்குக் கொஞ்ச காலம் பால் பொருள் சேராது. அவருக்கு நோய் வந்து போன பிறகு மோர் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். அப்படியும் குடித்தார். காஞ்சிபுரத்தில் இருந்த எந்த மத்தியானமும் விட்டதில்லை. கூரம் கிராமத்தில் முகாம் என்றாலும் ஒரு சுற்றுச் சுற்றி அந்த வழியாகத்தான் திரும்புவார். டாக்டரே குடிக்கிறார் என்று பார்த்து மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். வியாபாரம் பழையபடி ஆயிற்று, பிறகு பழையதை விடவும் கூடிற்று. கன்னியம்மா மட்டும் அவரிடம் பேசவே இல்லை. செங்கமலம் தான் பாட்டுக்கு வெயிலைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, என்னைப் பற்றிப் பேசிவிட்டு டம்ளரை வைத்துவிட்டு வருவார். "வியாபாரந்தான் சரியாயிடுச்சே டாக்டர், இன்னும் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "வியாபாரம் சரியாயிடுச்சி. நான் இன்னும் சரியாவலியே" என்று சொல்லி, பேச்சை வேறு ஒரு தெருவின் வயிற்றுப்போக்குக்கு மாற்றிவிட்டார்.

அவரை எடுத்துச் சென்ற அன்று நல்ல வெயில். வாசலில் பந்தல் போதவில்லை. அதிகாரிகள், நர்சுகள், நெசவுத் தெருவிலிருந்து ஒரு கூட்டம்; ஏகாம்பரம் தன் தறியில் நெய்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் காலில் போர்த்தினார். திரும்பிப் பார்த்தால் சந்து முனையில் கன்னியம்மாவின் வண்டி. வெயிலில் நின்றவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்.

"நான் அந்தம்மாவ கடசி வரைக்கும் மன்னிக்கவே இல்ல சாமி. அது அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் தெனம் வந்தாங்க" என்றார். பிறகு கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "நேத்து மத்தியானம் வரல. அப்பவே எனுக்குத் தெரிஞ்சிப்போச்சி."

செங்கமலத்தின் கேள்விகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நோய் வராதவர்களைக் கேட்பதையும், சொல்வதை விட்டுச் செய்வதைப் பார்ப்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தறிக்குழியில் நின்று அவர் கூவியதை நானும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். மன்னிப்புக் கிடைக்காது என்று தெரிந்த இடத்துக்கு, உச்சிவெயிலில், தினமும் நடந்து போனாரே, அந்த நடை.